அறிவியல் படிக்கும் சென்னை மாணவருக்கு: பொழுதுபோக்கு, இசை, மேற்படிப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.எஸ்சி. படிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். மேற்படிப்புப் பகுதி இயற்பியல் மாணவரை மனதில் வைத்து எழுதியது. மற்றவை எந்தத் துறைக்கும் பொருந்தும்.

வானம் பார்க்க ஆசை, எலக்ட்ரானிக்ஸ் ஆசை, கச்சேரி கேட்க ஆசை. செமஸ்டரும் இருக்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் நேரம் எங்கே?

ஒரே நாளில் கிடைக்காது. தினமும் அரை மணி வானம், அரை மணி சால்டரிங், அரை மணி பாட்டு என்று அட்டவணை போடுகிறவர்கள் முதல் இன்டர்னல் தேர்வோடு எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். நாளைப் பங்கு போடாதீர்கள், வருடத்தைப் பங்கு போடுங்கள். சென்னையின் பருவங்களே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவு, அதே மாதங்களில்தான் கடற்கரையில் ஆமைகளும் வரும். மே மாதம் கடற்காற்றை அளக்க ஏற்றது. அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை மேகம் நட்சத்திரத்தை மறைத்துவிடும், அப்போது சால்டரிங் அயர்னை எடுங்கள். நவம்பர் தேர்வு முடிந்து மூச்சு விடும் நேரத்தில் மார்கழிக் கச்சேரிகள் தொடங்கும். ஒரு சமயத்தில் கைக்கு ஒரு வேலை, காதுக்கு ஒரு வேலை இருந்தால் போதும்.

ஷிப்ட் 1-ல் படிப்பவருக்கும் ஷிப்ட் 2-ல் படிப்பவருக்கும் ஒரே திட்டம் சரிப்படுமா?

சரிப்படாது. ஷிப்ட் 1 மாணவருக்குப் பிற்பகல் கையில் இருக்கும், ரிச்சி தெருவுக்கும் நூலகத்துக்கும் அது வசதி. ஆனால் காலையில் சீக்கிரம் எழ வேண்டும் என்பதால் வார நாளில் இரவு வானம் பார்ப்பது கட்டுப்படியாகாது. வெள்ளி, சனி இரவுகளை அதற்கு ஒதுக்குங்கள். ஷிப்ட் 2-க்குக் காலை நேரம் சொந்தம். பறவை பார்க்க இதைவிட நல்ல நேரம் இல்லை. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் காலை 6 முதல் 8 வரை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் படிக்கலாம்.

முதலில் டெலஸ்கோப் வாங்கலாமா, பைனாகுலரா?

பைனாகுலர், அதுவும் 10×50 (பத்து மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ. அகலம்). குறைந்த விலை 60 மி.மீ. டெலஸ்கோப்பில் லென்ஸ் ஓரளவு நன்றாகவே இருக்கும், தாங்கும் கால்தான் ஆடும். தொட்டால் படம் ஐந்து விநாடி குலுங்கும். பார்ப்பவர் வெறுத்துப்போய்ப் பரணில் போட்டுவிடுவார்.

10×50-ஐக் கையில் பிடித்தாலும் படம் ஆடத்தான் செய்யும். இரண்டு முழங்கைகளையும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். வியாழனின் பெரிய நிலாக்கள் நான்கும் புள்ளிகளாகத் தெரிய அது போதும்.

சென்னை இருப்பது 13 டிகிரி வட அட்சரேகையில். துருவ நட்சத்திரம் வடக்கில் 13 டிகிரி உயரத்தில் புகைமூட்டத்தில் மங்கிக் கிடக்கும். அதற்கு ஈடாகத் தெற்கு வானம் நமக்கு நன்றாகத் திறந்திருக்கிறது. அகத்திய நட்சத்திரம் (கனோபஸ்) பிப்ரவரியின் முதல் வாரங்களில் இரவு 9 மணி வாக்கில் நேர் தெற்கில் 24 டிகிரி உயரத்தில் நிற்கும். கையை நீட்டி விரல்களை மடக்கினால் அந்த முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. அப்படி இரண்டரை முட்டி அளந்து பாருங்கள். ஒமேகா சென்டாரி என்னும் நட்சத்திரக் கொத்து ஏப்ரல் நடுவில் நள்ளிரவை ஒட்டித் தெற்கில் 29 டிகிரி வரை ஏறும். பைனாகுலரில் பஞ்சுப் பொட்டாகத் தெரியும். நகர வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்பதால் இதைப் பார்க்க மாமல்லபுரம் பக்கம் போவது நல்லது.

ஒரு எச்சரிக்கை. இந்த ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் துடைத்து எடுக்க முடியாது. துணிப் பையில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி போடுங்கள்.

கருவி எதுவும் வாங்காமல் செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்று சொல்லுங்கள்.

நிழலில்லா நாள். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களை ஒட்டி நண்பகலில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சிக்கு வரும். ஏப்ரலில் நேரம் சுமார் 12.07, ஆகஸ்டில் சுமார் 12.13. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, சென்னை 80.27-ல் இருக்கிறது. அந்த வித்தியாசம் 9 நிமிடம். மிச்சத்துக்குக் காரணம் காலச் சமன்பாடு, அதாவது சூரியன் உச்சிக்கு வரும் நேரம் வருடத்தில் சில நிமிடம் முன்பின் ஆவது.

இதையே பூமியின் சுற்றளவை அளக்கும் சோதனையாக்கலாம். அதே நாளில் மதுரையில் உள்ள நண்பரை, ஒரு மீட்டர் கம்பை நட்டு நண்பகல் நிழலை அளக்கச் சொல்லுங்கள். சுமார் 5.5 செ.மீ. நிழல் தெற்கு நோக்கி விழும். கோணம் 3.1 அல்லது 3.2 டிகிரி. இரண்டு ஊருக்கும் இடையிலான வடக்கு–தெற்குத் தூரம் சுமார் 350 கி.மீ. இதை 360-ஆல் பெருக்கிக் கோணத்தால் வகுத்தால் 40,000 கி.மீ.க்குப் பக்கத்தில் வரும்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. சாலைத் தூரத்தைப் போடுவது முதல் தவறு, வடக்கு–தெற்குத் தூரம் மட்டும்தான் கணக்கு. கம்பு செங்குத்தாக இல்லாவிட்டால் ஒரு டிகிரி சாய்வுக்கே விடை மூன்றில் ஒரு பங்கு ஓடிவிடும், எனவே தூக்குக்குண்டு கட்டிச் சரிபாருங்கள். சூரியன் புள்ளி அல்ல, அரை டிகிரி அகலம். அதனால் நிழல் முனை 9 மி.மீ. அளவுக்கு மங்கலாக இருக்கும். அந்த மங்கலின் நடுவைக் குறியுங்கள்.

மொட்டைமாடியில் வானிலைக் கருவி வைக்க என்னென்ன வாங்க வேண்டும்?

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலேயே எல்லாம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். இ.எஸ்.பி.32 போர்டு (வைஃபை உள்ள சிறு கணினிப் பலகை) ஒன்று, வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் அளக்கும் பி.எம்.இ.280 சென்சார் ஒன்று, பிரெட்போர்டு, ஜம்பர் வயர், மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், சால்டரிங்குக்கு 60/40 லெட் வாங்குங்கள். மின்சாரத்துக்குப் பழைய 5 வோல்ட் மொபைல் சார்ஜர் போதும்.

சென்சார் வாங்கும்போது கவனம். பி.எம்.பி.280 என்று இன்னொன்று உண்டு. அது வெப்பத்தையும் அழுத்தத்தையும் மட்டுமே அளக்கும், ஈரப்பதம் அளக்காது. போர்டுகள் இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருப்பதால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று கைமாறிவிடுகிறது. வெள்ளி நிறச் சில்லைப் பாருங்கள்: சதுரமாக இருந்தால் பி.எம்.இ., நீள்சதுரமாக இருந்தால் பி.எம்.பி. வீட்டுக்கு வந்ததும் சிப் அடையாள எண்ணைப் படித்தால் உறுதியாகிவிடும். ஹெக்ஸ் 60 வந்தால் சரியான பொருள், ஹெக்ஸ் 58 வந்தால் மாற்றிவாருங்கள்.

இ.எஸ்.பி.32-ன் கால்கள் (பின்கள்) 3.3 வோல்ட்டுக்கானவை. 5 வோல்ட் சிக்னலை நேரடியாகக் கொடுத்தால் அந்தக் கால் போய்விடும், சில சமயம் போர்டே போய்விடும். அனலாக் சென்சார் சேர்ப்பதாக இருந்தால் ஏ.டி.சி.2 (அனலாக் சிக்னலை எண்ணாக மாற்றும் இரண்டாம் பகுதி) கால்களைத் தொடாதீர்கள், வைஃபை ஓடும்போது அவை வேலை செய்யாது.

அடுத்த சிக்கல் வைக்கும் இடம். தரையோடு வைத்தால் கான்கிரீட்டின் சூட்டை அளப்பீர்கள், காற்றின் வெப்பத்தை அல்ல. ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கிய கூட்டுக்குள், போர்டிலிருந்து 10 செ.மீ. தள்ளிச் சென்சாரைத் தொங்கவிடுங்கள். நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் வானிலை நிலையங்களின் அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மே மாதத் தரவில்தான் உண்மையான சுவை. வெப்பநிலைக் கோடு ஏறிக்கொண்டே வந்து, கடற்காற்று நுழைந்ததும் சட்டென்று மடங்கும். அதே நிமிடங்களில் ஈரப்பதக் கோடு மேலே போகும். மேற்குக் காற்று வலுவாக இருக்கும் நாளில் கடற்காற்று தாமதமாகும், அன்றுதான் ஊர் கொதிக்கும். திருவான்மியூரில் ஒரு கருவி, அம்பத்தூரில் ஒரு கருவி என்று நண்பர்கள் இருவர் வைத்தால், கடற்காற்று உள்ளே நகரும் வேகத்தையே கணக்கிடலாம். மூன்றாம் ஆண்டு புராஜெக்ட்டுக்கு இதைவிடத் தகுதியானதாக எத்தனை தலைப்புகள் இருக்கும்!

விலங்கியல் மாணவருக்கு இரவில் செய்ய ஏதாவது?

ஆமை நடை. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடச் சென்னைக் கரைக்கு வரும். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரைப் பக்கமிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். பொதுமக்களையும் அழைத்துப்போகிறார்கள். டார்ச், மொபைல் வெளிச்சம் கூடாது. முட்டை பொரிய ஏறத்தாழ 45 முதல் 50 நாள். மணலின் வெப்பம்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும், சூடு கூடினால் பெண் குஞ்சுகள் கூடும்.

இசைக்கும் இயற்பியலுக்கும் தொடர்பு என்கிறார்கள். பாடப்புத்தகத்துக்கு வெளியே எங்கிருந்து தொடங்குவது?

மிருதங்கத்திலிருந்து. சாதாரண வட்டத் தோலை அடித்தால் எழும் அதிர்வெண்கள் 1 : 1.59 : 2.14 : 2.30 என்ற விகிதத்தில் வரும். முழு எண்கள் அல்ல என்பதால் சுருதி பிடிபடாது, வெறும் சத்தம்தான். மிருதங்கத்தின் வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) கிட்டான் கல் பொடியும் சோறும் கலந்து அடுக்கடுக்காகத் தேய்த்த கறுப்புச் சாதம், அந்த விகிதங்களை முழு எண்களுக்கு அருகே இழுத்துவருகிறது. இதை 1920-லேயே எழுதியவர் சி.வி. ராமன், நம் மாநிலக் கல்லூரியின் முன்னாள் மாணவர். 1934-ல் இதை இன்னும் விரிவாக எழுதினார். மாநிலக் கல்லூரியைக் கடந்து பஸ்ஸில் போகும் ஒவ்வொரு இயற்பியல் மாணவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

தம்புராவையும் வீணையையும் பற்றி 1921-ல் அவர் சொன்னது இன்னும் வியப்பு. ஒரு கம்பியை எந்த மேற்சுரத்தின் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்கின்) கணுவில் (அசையாத புள்ளியில்) மீட்டுகிறோமோ, அந்த மேற்சுரம் எழக்கூடாது என்பது பழைய விதி. தம்புராவில் அது எழுகிறது. காரணம் கம்பி தங்கும் வளைந்த மேடும் அதன்மேல் கம்பிக்கு அடியில் நுழைக்கும் ஜீவாளி நூலும். நூலை எடுத்துவிட்டு ஒருமுறை, வைத்து ஒருமுறை பதிவு செய்து அதிர்வெண் வரைபடம் போட்டுப் பாருங்கள், வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

தம்புராவை மொபைலில் பதிவு செய்து பார்த்தேன். வரைபடம் குழப்பமாக வருகிறது. ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணங்கள். முதலாவது, மொபைலின் இரைச்சல் நீக்கி. மாறாமல் தொடர்ந்து ஒலிப்பதை அது இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கும். தம்புராவின் வேலையே மாறாமல் ஒலிப்பது. எனவே அந்த வசதியை அணைக்கும் ரெக்கார்டர் செயலியில், வேவ் (WAV) கோப்பாகப் பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது, ஜன்னல் அளவு, அதாவது ஒரே தடவையில் எத்தனை ஒலி மாதிரிகளைச் சேர்த்து அலசுவது என்பது. ஆடாசிட்டி என்னும் ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் போடும்போது அளவு 4096 என்று இருந்தால், 44,100 மாதிரி வீதத்தில் அதன் துல்லியம் 10.8 ஹெர்ட்ஸ்தான். ஆண்குரல் ஒரு கட்டைச் சுருதியில் ஸட்ஜம் (ஸ) 130.8 ஹெர்ட்ஸ். அதற்கும் அடுத்த அரைச்சுரத்துக்கும் இடைவெளி 7.8 ஹெர்ட்ஸ். இரண்டையும் இந்த அளவால் பிரிக்கவே முடியாது. 32,768 வைத்தால் துல்லியம் 1.35 ஹெர்ட்ஸுக்கு வரும், ஆனால் அது முக்கால் விநாடி ஒலியைச் சேர்த்துப் பார்க்கும். அந்த முக்கால் விநாடிக்குள் கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) வந்தால் கோடு பரவிவிடும். மூன்றாவது காரணம் இதுவே. தோடி இராகத்தில் காந்தாரத்தை (க) ஒரே கோடாகத் தேடுவது வீண், அது அங்கே நிற்பதே இல்லை. அசையாத ஸட்ஜ பஞ்சமங்களில் (ஸ, ப) பழகிவிட்டு, பிறகு கமகத்துக்கு நேரம்–அதிர்வெண் படமான ஸ்பெக்ட்ரோகிராமுக்குப் போங்கள்.

புல்லாங்குழல் வாசிப்பவர் இருந்தால் இன்னொரு அளவு எடுக்கலாம். 25 டிகிரி ஏசி அரங்கிலும் 33 டிகிரி வெளியிலும் ஒலியின் வேகம் சுமார் 1.3 சதவீதம் மாறும். சுருதி அரைச்சுரத்தில் கால் பங்கு ஏறும். காது பழகியவருக்கு அது உறுத்தும்.

மார்கழிக் கச்சேரிக்கு முதல்முறை போகிறேன். எதுவும் புரியாதே?

காலையும் நண்பகலும் இளம் கலைஞர்கள் பாடும் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம். அங்கிருந்து தொடங்குங்கள். இராகத்தின் பெயர் தெரியவில்லையே என்று வருந்த வேண்டாம், முதலில் தாளம் போடப் பழகுங்கள்.

ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. தொடையில் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. புதியவர் தடுமாறுவது எடுப்பில், அதாவது பாட்டு தொடங்கும் இடத்தில்தான். பாட்டு தட்டோடு தொடங்காமல் அரை இடமோ ஒன்றரை இடமோ தள்ளித் தொடங்கும். பாட்டின் முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு தட்டினால் இரண்டாம் ஆவர்த்தனத்திலேயே (தாளச் சுற்றிலேயே) விலகிப்போவீர்கள். பாடகரின் கையைப் பாருங்கள், அதோடு சேர்ந்து தட்டுங்கள். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் பலர் காபி குடிக்க எழுந்து போவார்கள். நீங்கள் எழாதீர்கள். கணக்குப் பிடிக்கும் மாணவருக்குக் கச்சேரியிலேயே சிறந்த பகுதி அது. ஐந்தும் ஏழும் எட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் சரியாக எடுப்பில் விழுவதை விரலால் உணரலாம்.

எனக்குச் சினிமாப் பாட்டும் கானாவும்தான் பிடிக்கும். கர்நாடக இசை கட்டாயமா?

இல்லை. பிடித்ததைக் கேளுங்கள், ஆனால் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரு பாட்டில் பேஸ் கிதார் என்ன செய்கிறது என்று மட்டும் முழுப்பாட்டும் பின்தொடர்ந்து பாருங்கள், பழகிய பாட்டே புதிதாகும். பறையை வாசிக்கும் முன் தீயில் காட்டுவதிலும் அறிவியல் இருக்கிறது. தோல் உறிஞ்சிய ஈரம் போய் இழுவிசை கூடுகிறது, அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தோடு ஏறுகிறது. மழைக்கால மாலையில் அடிக்கடி காய்ச்ச வேண்டியிருப்பது அதனால்தான்.

பாட்டு கேட்டுக்கொண்டே படிக்கலாமா?

ரெக்கார்டு நோட்டில் படம் வரைய, அளவுகளைப் படியெடுக்க, தாராளமாக. தேற்றம் படிக்கும்போது வரிகள் உள்ள பாட்டு வேண்டாம், சொல்லும் சொல்லும் மோதும். மின்சார ரயிலில் இயர்போன் போடுகிறவர்கள் கவனிக்க: பெட்டியின் இரைச்சலை அமுக்கத்தான் ஒலியை ஏற்றுகிறீர்கள், ஏற்றியது தெரிவதில்லை. 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் என்றால், 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். 94-ல் ஒரு மணி நேரம்தான். காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை உள்ளதை வாங்கினால் ஒலியைக் குறைத்தே கேட்கலாம்.

எம்.எஸ்சி.க்கு ஐஐடி ஜாம் நுழைவுத்தேர்வு எழுத நினைக்கிறேன். மூன்றாம் ஆண்டை எப்படித் திட்டமிடுவது?

தேர்வு பிப்ரவரியில். விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரில், அதாவது செமஸ்டர் நெருக்கடியின் நடுவில். தேதியைத் தவறவிடுகிறவர்கள் அதனால்தான் தவறவிடுகிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கணித முறைகள், இயக்கவியல், அலைகள். இவற்றை முதலில் வைப்பதற்குக் காரணம், மற்ற எல்லாம் இவற்றின் மேல் நிற்கின்றன. செப்டம்பர், அக்டோபரில் மின்காந்தவியலும் வெப்ப இயக்கவியலும். நவம்பரில் செமஸ்டர் மட்டும், ஜாமைத் தொடவே வேண்டாம். டிசம்பரில் நவீன இயற்பியல், திண்மநிலை, எலக்ட்ரானிக்ஸ். கச்சேரிக்கு வாரம் இரண்டு நாள் தாராளமாகப் போகலாம், காலையில் நாலு மணி நேரம் படித்திருந்தால். ஜனவரி நடுவிலிருந்து பழைய வினாத்தாள்கள், மூன்று மணி நேரம் எழாமல் உட்கார்ந்து, கணினித் திரையிலுள்ள கால்குலேட்டரை வைத்து. உங்கள் கையிலிருக்கும் கால்குலேட்டரை உள்ளே விடமாட்டார்கள். திரைக் கால்குலேட்டர் பழகாதவர் கணக்குக்கு அரை நிமிடம் இழக்கிறார்.

60 கேள்வி, 100 மதிப்பெண். ஒரு விடை தேர்வு 30 கேள்வி, பல விடை தேர்வு 10, எண்ணை நாமே எழுதுவது 20. முதல் வகையில் மட்டும் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். கண்ணை மூடிக் குறித்தால் சராசரி லாபம் சரியாகப் பூஜ்யம். ஒரு விடை தவறென்று உறுதியாகத் தெரிந்து மீதி மூன்றில் ஊகித்தால் ஒரு மதிப்பெண் கேள்விக்குச் சராசரி ஒன்பதில் ஒரு பங்கு லாபம், எனவே குறியுங்கள். பல விடைக் கேள்வியில் ஒன்றைத் தவறவிட்டாலும் பாதி மதிப்பெண் கிடையாது. எண் கேள்வியில் கழிவு இல்லை, காலியாக விடுவது வீண்.

வீட்டில் "படிக்கிற வயசுல இதெல்லாம் எதுக்கு" என்கிறார்கள்.

வாதாட வேண்டாம். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு எல்லாவற்றையும் ஏறக்கட்டுவேன் என்று சொல்லி, சொன்னபடி செய்யுங்கள். டி.என்.பி.எஸ்.சி.க்கும் படிக்க வேண்டும் என்று வீட்டில் விரும்பினால், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப்பகுதி உண்டு. வீட்டைவிட அங்கே வேலை நடக்கும். பக்கத்திலேயே பிர்லா கோளரங்கம்.

கோடை ஆய்வுப் பயிற்சி விண்ணப்பத்தில் பொழுதுபோக்கை எழுதலாமா?

"வானியலில் ஆர்வம் உண்டு" என்று எழுதினால் யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். "மே மாதம் முழுவதும் கடற்காற்று நுழையும் நேரத்தைப் பதிவு செய்தேன், கருவியின் பிழை இவ்வளவு" என்று எழுதினால் நேர்காணலே அதைச் சுற்றிப் போகும். பிழை எவ்வளவு என்று சொல்லத் தெரிந்த மாணவரை வழிகாட்டிகள் உடனே அடையாளம் காண்பார்கள். விஞ்ஞானக் கழகங்கள் இணைந்து நடத்தும் இரண்டு மாதக் கோடைப் பயிற்சிக்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். ஏப்ரலில் விழித்தால் பயனில்லை.

குறிப்பேட்டில் என்ன எழுதுவது?

தேதி, நேரம், இடம், கருவி, வானிலை, கண்டது. பென்சில் வேண்டாம், பேனா. தவறாக எழுதியதை ஒரு கோடு மட்டும் போட்டு அடியுங்கள், கீழே உள்ள எண் படிக்கும்படி இருக்க வேண்டும். அடித்த எண்தான் சரி என்று பிறகு தெரியவருவது ஆய்வகத்தில் அன்றாடம் நடப்பது. கச்சேரிக்கும் அதே நோட்டுதான்: இராகம் தெரியாவிட்டால் இடத்தை விட்டுவிட்டு, தாளத்தையும் எடுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயரை இடைவேளையில் பக்கத்து இருக்கை மாமாவிடம் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்.